நிலவொளியில் நடக்கும் ஊரும், நிலவில் இறங்கிய பிள்ளையும்!

முழுநிலவு நாள் வந்துவிட்டால் திருவண்ணாமலை உறங்குவதில்லை. ரயிலிலே, பேருந்திலே, வேனிலே வந்து இறங்குகிறது மக்கள் வெள்ளம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் கால்கள்! செருப்பில்லாத கால்கள், வெடித்த கால்கள், வீக்கம் கண்ட கால்கள். ஆரணித் தறியில் தேய்ந்த விரல்களும், கரும்பு வெட்டிக் காய்த்துப்போன உள்ளங்கைகளும், செங்கல் சூளையின் அனலில் கருகிய தோள்களும் அந்தக் கூட்டத்திலே கலந்து நடக்கின்றன. தலைக்கு மேலே தகதகவென்று நிலவு. தரையிலே தள்ளாடித் தள்ளாடி உழைப்பாளர் வரிசை.

அந்தக் கூட்டத்தை ஏளனம் செய்ய நாம் இதை எழுதவில்லை. நடப்பவர் நம்மவர். அவர் நடப்பதற்குக் காரணம் அவருடைய கவலை. கடன் தீர வேண்டும், காய்ச்சல் தீர வேண்டும், மகளுக்கு மணமாக வேண்டும், மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதுதானே அந்த வேண்டுதல்? அந்தக் கவலையைப் போக்க வழி என்ன என்று ஆராய்வதே நம் வேலை.

அண்மையில் ஒரு முழுநிலவு இரவு, பாதையோரத் தேநீர்க் கடை ஒன்றிலே நின்றுகொண்டிருந்தோம். பக்கத்தில் மண்டியில் மூட்டை தூக்கும் தோழர் ஒருவர். நம்மைத் தெரிந்தவர். நிலவை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அண்ணே, பேப்பர்ல எழுதுறீங்க, ஒண்ணு கேக்கறேன். இந்த நிலாவுல போய் எறங்கிட்டோம்னு அன்னிக்கு ஊரெல்லாம் பட்டாசு வெடிச்சாங்க. எங்க கூலி ஏறுச்சா? எம் பையனுக்கு ஒரு வேலை கெடச்சுதா? அது நமக்கு எதுக்குண்ணே?"

நேர்மையான கேள்வி. மேடையிலே கைதட்டல் வாங்கும் பதில் இதற்குப் போதாது. தேநீர்க் கடையிலே தலையாட்டல் வாங்கும் பதில் வேண்டும். சொல்லிப் பார்க்கிறோம்.

ஒரு தேநீரின் விலை

2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை 6 மணி 4 நிமிடத்துக்கு, சந்திரயான்-3 நிலவின் தென்பகுதியிலே மெல்ல இறங்கிற்று. அதற்கு ஆன செலவு சுமார் 615 கோடி ரூபாய். கேட்டதும் தலை சுற்றுகிறதல்லவா? நாட்டின் 140 கோடி மக்களுக்குப் பங்கிட்டுப் பாருங்கள். தலைக்கு ஐந்து ரூபாய்கூட வரவில்லை. அன்றிரவு அந்தத் தோழரின் கையிலே ஆறிக்கொண்டிருந்த தேநீரின் விலை அதைவிட அதிகம்!

ஆகவே, 'நிலவுக்குப் போன பணத்தால்தான் நம் வீட்டு அடுப்பு எரியவில்லை' என்று யாரேனும் சொன்னால், அவர் கணக்கு அறியாதவர். அல்லது கணக்கை மறைப்பவர். அடுப்பு எரியாததற்கான காரணத்தை நிலத்திலே தேட வேண்டும். நிலவிலே தேடிப் பயனில்லை.

ஆனால், தோழர் பணத்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. தன் பங்கைப் பற்றிக் கேட்டார். அந்த வெற்றியிலே மூட்டை தூக்குபவனுக்குப் பங்கு உண்டா? அவன் மகனுக்கு இடம் உண்டா?

உண்டு என்கிறோம். அந்தப் பங்கு நம் மலையிலே இருக்கிறது, மண்ணிலே இருக்கிறது, மக்களிடத்திலே இருக்கிறது. அதே மூச்சில் இன்னொன்றும் சொல்கிறோம்: விழிப்பாக இராவிட்டால் அந்தப் பங்கு பறிபோய்விடும்.

ஜவ்வாது மலையிலே ஒரு கண்

முதலில் மலை. திருவண்ணாமலையிலிருந்து போளூர் சென்று, அங்கிருந்து மேற்கே ஏறினால் ஜவ்வாது மலை. சாமையும் தேனும் பேர்போன மலை. மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் வாழும் மலை. ஜமுனாமரத்தூரைக் கடந்து, நம் மாவட்ட எல்லையையும் தாண்டினால், திருப்பத்தூர் மாவட்டத்திலே ஆலங்காயத்துக்கு அருகே காவலூர் என்ற சிற்றூர் வருகிறது. கடல்மட்டத்துக்குமேல் சுமார் 725 மீட்டர் உயரம். அங்கேதான், வைணு பாப்பு என்ற வானியல் அறிஞரின் முயற்சியால், 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கிற்று.

1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதே ஆண்டு ஜூன் 7 அன்று, வியாழன் கோளைச் சுற்றும் கானிமீட் என்ற பெரிய துணைக்கோள், தொலைவிலுள்ள ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தது. இதிலே என்ன விசேடம்? துணைக்கோளைச் சுற்றிக் காற்று இல்லையென்றால், விசையைத் தட்டினால் விளக்கு அணைவதுபோல் விண்மீன் சட்டென்று மறையும். காற்று இருந்தால், திரி குறைக்கப்பட்ட அரிக்கேன் விளக்குபோல் மங்கி மறையும். காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் இருந்து கவனித்தவர்கள், கானிமீட்டைச் சுற்றி மெல்லிய காற்று இருப்பதற்கான அறிகுறியைக் கண்டதாக உலகுக்கு அறிவித்தனர்.

1977 மார்ச் 10 அன்று இன்னொரு நிகழ்ச்சி. யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கப் போகிறது என்று உலகமே பார்த்திருந்தது. கோள் வந்து மறைப்பதற்கு முன்பே விண்மீன் கண்சிமிட்டியது! கோளைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன என்பதற்கு அது சான்று. அமெரிக்கர் ஆகாய விமானத்திலே தொலைநோக்கியை ஏற்றிப் பறந்து கண்ட அந்தச் சிமிட்டலை, ஜவ்வாது மலையிலே உட்கார்ந்திருந்த நம்மவரும் பதிவு செய்தனர்.

1986 ஜனவரி 6 அன்று 2.34 மீட்டர் தொலைநோக்கி திறந்துவைக்கப்பட்டது. அதன் ஆடியைத் தீட்டி மெருகேற்றியது இந்த நாட்டுப் பட்டறை, இந்த நாட்டுக் கைகள். அதைக் கனவு கண்ட பாப்பு 1982-இலேயே மறைந்துவிட்டார். ஆய்வுக்கூடமும் அந்தத் தொலைநோக்கியும் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. 1988-இல் அதே காவலூரில் இராஜமோகன் என்ற வானியலாளர் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். 4130 என்ற எண் பெற்ற அதற்கு வைத்த பெயர் இராமானுஜன். யார் அந்த இராமானுஜன்? சென்னைத் துறைமுகத்திலே எழுத்தராகக் கூலிக்கு உழைத்த கணித மேதை! ஒரு குமாஸ்தாவின் பெயரைத் தாங்கி, ஒரு கல் வானத்திலே சுற்றிவருகிறது.

வானத்தை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்ட ஊருக்குப் பக்கத்திலேயே, வானத்தை அளந்து பார்த்த ஊரும் இருக்கிறது. முதல் ஊருக்கு மாதந்தோறும் இலட்சக்கணக்கில் போகிறோம். இரண்டாவது ஊருக்கு நம் பிள்ளைகளை ஒருமுறையேனும் அழைத்துப் போயிருக்கிறோமா?

சித்தம்பூண்டிக் கல்

அடுத்து மண். நிலவிலே பாட்டி வடை சுடுகிறாள் என்று நமக்குச் சொன்னார்கள். நாமும் நம் பிள்ளைகளுக்குச் சொன்னோம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டியும் அடுப்பும்போலத் தெரியும் அந்தக் கறுப்புத் திட்டுகள் என்ன? ஒரு காலத்தில் எரிமலைக் குழம்பு பாய்ந்து உறைந்த பள்ளங்கள். பசால்ட் என்ற கரும்பாறை. சுற்றிலும் வெள்ளை வெளேரென்று ஒளிர்வது மேட்டு நிலம். அனார்த்தொசைட் என்ற வெளிறிய பாறை.

அந்த அனார்த்தொசைட் பாறை பூமியிலே எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. நாமக்கல் மாவட்டத்திலே சித்தம்பூண்டி, குன்னமலை என்ற சிற்றூர்களின் வயற்காட்டோரத்திலே கிடைக்கிறது! சந்திரயானின் கால்கள் நிலவின் புழுதியிலே புதையாமல் நிற்குமா, வண்டியின் சக்கரங்கள் சிக்காமல் உருளுமா என்று முன்கூட்டியே சோதிக்க வேண்டியிருந்தது. நிலவுக்குப் போய் மண் அள்ளிவர முடியாதே! சேலத்திலுள்ள, பெரியாரின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையினர் நாமக்கல் பாறையைச் சுட்டிக்காட்டினர். பாறையை உடைத்து, அரைத்து, பொடியாக்கி, சுமார் 50 டன் பெங்களூருக்குப் போயிற்று. நிலவில் ஓடப்போகும் வண்டி நாமக்கல் புழுதியிலே நடை பழகிற்று.

நடை பழகிய பிள்ளை வீண்போகவில்லை. 26 கிலோ எடையுள்ள பிரக்யான் வண்டி நிலவிலே சுமார் 100 மீட்டர் தூரம் ஓடி, 23 இடங்களிலே மண்ணை ஆராய்ந்தது. 2024 ஆகஸ்டில் வெளியான முடிவு என்ன? அந்த மண்ணிலே மிகுதியாக இருப்பது அனார்த்தொசைட் வகைப் பாறையின் கலவை. இதற்குப் பொருள் பெரிது. நிலவு பிறந்த காலத்திலே அதன் மேற்பரப்பு முழுவதும் உருகிய பாறைக் கடலாக இருந்தது; உலை கொதிக்கும்போது நுரை மேலே ஒதுங்குவதுபோல் எடை குறைந்த பாறை மேலே மிதந்து உறைந்தது; கனத்தது அடியிலே தங்கிற்று. அமெரிக்கர் அள்ளிவந்த நிலவுக் கற்களை வைத்து அறிஞர்கள் சொன்ன அந்தக் கருத்துக்கு, தென்துருவத்துக்குப் பக்கத்திலிருந்து கிடைத்த முதல் நேரடிச் சான்று இது.

நாமக்கல்லிலே கல் உடைக்கும் தொழிலாளி தன் சம்மட்டியின் கீழே கிடக்கும் கல்லைப் பார்த்து, 'இது நிலவின் உறவுக் கல்' என்று சொல்ல முடியும். எந்தப் புராணத்தையும் துணைக்கு அழைக்காமலே சொல்ல முடியும்!

ரயில் தொழிலாளியின் மகன்

இப்போது மக்கள். விழுப்புரத்திலிருந்து காட்பாடி செல்லும் ரயில் பாதையிலேதான் நம் திருவண்ணாமலை இருக்கிறது. அந்த விழுப்புரத்துப் பிள்ளை வீரமுத்துவேல். சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர். அவருடைய தந்தை தென்னக ரயில்வேயிலே தொழில்நுட்பப் பணியாளர். பிள்ளை படித்தது ரயில்வே பள்ளியிலே. பள்ளி முடிந்ததும் சேர்ந்தது பாலிடெக்னிக்கிலே, டிப்ளமா. அதன்பின் பொறியியல் பட்டம், திருச்சியிலே மேற்பட்டம், தொழிற்சாலை வேலை, பிறகு விண்வெளி ஆய்வு நிறுவனம். சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் வாங்கியது வேலைக்குச் சேர்ந்த பிறகு!

பாலிடெக்னிக் என்றால் 'பாஸ் மார்க் வாங்கினவன் போகும் இடம்' என்று உதட்டைப் பிதுக்குவோர் இதைக் கவனிக்கட்டும். 2025 ஜனவரியில் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவரான நாராயணன், குமரி மாவட்டத்து மேலகாட்டுவிளைக்காரர். அவரும் டிப்ளமாவில் தொடங்கியவர். 2018 முதல் 2022 வரை அதே பதவியில் இருந்த சிவன், சரக்கல்விளை விவசாயியின் மகன், தமிழ்வழியிலே படித்தவர். 2008-இல் பறந்த சந்திரயான்-1 நிலவிலே நீரின் தடயத்தைக் காட்டியது, அதன் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியிலிருந்து வந்தவர், அவரும் தமிழ்வழிக்காரர். சூரியனை ஆராய 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவுக்குச் சென்ற ஆதித்யா-எல்1 திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி, செங்கோட்டையிலே பிறந்த விவசாயி மகள்.

இவர்களிலே யார் மாளிகையிலே பிறந்தவர்? யார் வெள்ளித் தட்டிலே உண்டவர்? 'படிப்பு உன் குலத்துக்கு வராது' என்று சொல்லப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தப் பொய்யை மேடையிலே மறுத்தோம். இவர்கள் விண்ணிலே மறுத்திருக்கிறார்கள்!

2019 செப்டம்பரில் சந்திரயான்-2 இறங்குகலம் நிலவிலே மோதி நொறுங்கிற்று. அழுதுவிட்டு வீட்டுக்குப் போனார்களா? எங்கெங்கே தவறக்கூடும் என்று ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டார்கள். கால்களுக்கு வலுவேற்றினார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். ஐந்து எஞ்சின்களை நான்காக்கினார்கள். இறங்குமிடத்தை, அரை கிலோமீட்டருக்கு அரை கிலோமீட்டர் என்ற சிறு சதுரத்திலிருந்து, 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள். இறங்கினார்கள். பட்டறையிலே வேலை தெரிந்தவன் செய்வதும் இதுதானே? உடைந்த பல்சக்கரத்தை முன்னே வைத்து, 'விதி' என்று நெற்றியிலே அடித்துக்கொள்கிற ஃபிட்டரை எவரேனும் வேலையில் வைத்திருப்பார்களா?

2023-இல் தமிழ்நாட்டு அரசு ஒன்பது தமிழ் விஞ்ஞானிகளுக்குத் தலா 25 இலட்ச ரூபாய் வழங்கிப் பாராட்டியபோது, வீரமுத்துவேல் தம் தொகையைத் தாம் படித்த கல்லூரிகளுக்கே கொடுத்துவிட்டார். விழுப்புரத்துப் பாலிடெக்னிக்கும் அதிலே ஒன்று. ஏறிவந்த ஏணியை எட்டி உதைக்காத மனிதர்!

மலை சரிந்த நாள்

'பெருமை சரி, பயன் என்ன?' என்று தோழர் மறுபடியும் கேட்பார். அதற்கும் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. சொல்லும்போது நெஞ்சு கனக்கிறது.

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்து, திருவண்ணாமலையிலே கொட்டித் தீர்த்த நாள். மலைச்சரிவிலே வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் மண்ணும் பாறையும் சரிந்து விழுந்தன. ஏழு உயிர்கள் போயின. அவர்களிலே ஐவர் சிறுவர் சிறுமியர். பல இலட்சம் பேர் வலம்வரும் அதே மலையின் அடிவாரத்திலே, ஏழைக்குக் கிடைத்த இடம் சரிவுதான். பிறகு நிபுணர்கள் வந்தார்கள், மலையை ஆராய்ந்தார்கள். அந்த ஆண்டு தீபத்தன்று மலையேறப் பக்தர்களுக்கு அனுமதியில்லை என்றார்கள். மண் இளகியிருக்கிறது என்று விஞ்ஞானம் சொன்னது. ஆட்சியும் கேட்டது, பக்தரும் கேட்டனர். நல்லது. ஆனால் அதே எச்சரிக்கை ஒரு மாதத்துக்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்திருந்தால்?

அது நடக்கக்கூடிய காரியம்தான். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் என்ற செயற்கைக்கோள் பறந்தது. அமெரிக்காவும் இந்தியாவும் சேர்ந்து செய்தது. அதிலே இருப்பது ரேடார். இரவானாலும் மேகம் மூடினாலும் அதற்குத் தரை தெரியும். 12 நாட்களில் இருமுறை உலகத்து நிலப்பரப்பை அளக்கிறது. ஒரு சரிவு சில சென்டிமீட்டர் நகர்ந்தாலும் காட்டிக்கொடுக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. நிலவின் பாறையை ஆராயும் அறிவும், நம் மலையின் பாறையை ஆராயும் அறிவும் ஒரே குடும்பம். அங்கே கற்றது இங்கே உதவும். இங்கே கற்றது அங்கே போகும்.

ஆனால் செயற்கைக்கோள் படம் எடுக்கும், பட்டா கொடுக்காது. படத்தைப் பார்த்து, எந்தச் சரிவு ஆபத்து என்று கணித்து, அங்கே குடியிருப்போருக்குப் பாதுகாப்பான இடத்திலே வீடு கொடுக்க வேண்டியது ஆட்சியின் கடமை. கொடுக்க வைக்க வேண்டியது நம் கடமை.

வரப்போகும் வேலை

இனி, அந்தத் தோழரின் மகனுக்கு வருவோம். நிலவோடு கதை முடியவில்லை. 2024 ஜூனில் சீனர்கள் நிலவின் மறுபக்கத்திலிருந்தே ஏறத்தாழ 2 கிலோ மண்ணை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். நம் நாட்டிலும் 2024 செப்டம்பரில் சந்திரயான்-4 திட்டத்துக்கு 2,104 கோடி ரூபாய் ஒப்புதல் அளிக்கப்பட்டது. நிலவின் மண்ணை இங்கே கொண்டுவருவது நோக்கம். அதற்கு விண்ணிலேயே இரண்டு கலங்களை இணைக்கத் தெரிய வேண்டும். 2025 ஜனவரி 16 அன்று அதையும் செய்து காட்டியாயிற்று. வெள்ளிக் கோளுக்கு ஒரு கலம், 1,236 கோடி ரூபாயில். ஜப்பானோடு சேர்ந்து சந்திரயான்-5. அதிலே போகும் வண்டி 250 கிலோ, பிரக்யானைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு.

தமிழ்நாட்டின் தென்கோடியிலும் வேலை நடக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்திலே 2024 பிப்ரவரி 28 அன்று ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஏன் அங்கே? துருவங்களை நோக்கிச் சுற்றும் செயற்கைக்கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே அனுப்பினால் குறுக்கே இலங்கை. வளைந்துதான் போக வேண்டும், எரிபொருள் வீணாகும். சிறிய ராக்கெட்டுக்கு அந்தச் சுமை தாங்காது. குலசேகரப்பட்டினத்திலிருந்து தெற்கே பார்த்தால் கடல், கடல், கடல்தான்! பக்கத்திலே மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் நிலையம் ஏற்கெனவே இருக்கிறது. 2025-இல் தமிழ்நாட்டு அரசு விண்வெளித் தொழிலுக்கென்றே ஒரு கொள்கை வகுத்து, ஐந்தாண்டிலே 10,000 கோடி ரூபாய் முதலீடும் 10,000 பேருக்கு வேலையும் இலக்கு என்று சொல்லியிருக்கிறது.

ராக்கெட் என்றால் கண்ணாடி போட்ட விஞ்ஞானி மட்டும் என்று எண்ண வேண்டாம். வெல்டர் ஒட்டாத குழாய் வழியே எரிபொருள் ஓடாது. டர்னர் கடையாத திருகு நிலவுக்குப் போகாது. விண்வெளி நிறுவனத்திலே பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும் முடித்த ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீசியனுக்குத் 'டெக்னீஷியன்' பணி உண்டு. டிப்ளமா படித்தவருக்குத் தொழில்நுட்ப உதவியாளர் பணி உண்டு. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டிலே சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டிலே சேரலாம். அரசுப் பள்ளியிலே படித்த பிள்ளைக்குப் பொறியியல் இடங்களிலே 7.5 விழுக்காடு 2021 முதல் தனியே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'யுவிகா' என்ற பயிற்சியை விண்வெளி நிறுவனமே நடத்துகிறது. அதிலே கிராமப்புறப் பள்ளிகளுக்கு முன்னுரிமை. இந்தப் படிகள் எல்லாம் இருக்கின்றன. படிகள் இருப்பதே நம் தெருவுக்குத் தெரியவில்லை.

கதவு யாருக்கு?

தெரிந்தாலும், எல்லாக் கதவும் திறந்திருக்கிறதா? இல்லை.

விண்வெளிக்கென்றே திருவனந்தபுரத்திலே ஒரு கல்லூரி 2007 முதல் நடக்கிறது. பொது நிதியில் நடப்பது. அதன் பட்டப்படிப்பிலே சேர ஜே.இ.இ. முதல் தேர்வு போதாது. அட்வான்ஸ்டு என்ற இரண்டாம் தேர்வும் எழுத வேண்டும். முதல் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். இரண்டாவதின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே! தமிழ்வழியிலே படித்த சிவனும் மயில்சாமி அண்ணாதுரையும் விண்ணை வென்றார்கள். அதே தமிழ்வழியிலே இன்று படிக்கும் பிள்ளை, வாசற்படியிலேயே மொழியால் தடுக்கப்படுகிறான். இந்தி தாய்மொழியான பிள்ளைக்கு அவன் மொழியிலே வினா; நம் பிள்ளைக்கு ஏன் இல்லை? நிலவுக்கு என்ன, இந்திதான் புரியுமா?

இன்னொரு கதவும் இருக்கிறது. 2020-இல் விண்வெளித் துறை தனியாருக்குத் திறக்கப்பட்டது. 2024-இல் அந்நிய முதலீட்டுக்கும் வாசல் அகலமாயிற்று. தனியார் முயற்சியை நாம் பழிக்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யிலே பிறந்த அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக அச்சிட்டு எடுத்த எஞ்சினோடு 2024 மே 30 அன்று ராக்கெட் விட்டது, மகிழ்ந்தோம். ஆனால் அரசு நிறுவனத்திலே இட ஒதுக்கீடு உண்டு. நிரந்தர வேலை உண்டு. ஓய்வுக்காலப் பாதுகாப்பு உண்டு. வீரமுத்துவேலும் நாராயணனும் வளர்ந்தது பொதுத்துறையின் நிழலிலே. நாளைய விண்வெளி வேலையெல்லாம் இட ஒதுக்கீடு இல்லாத நிறுவனங்களுக்கும், ஒப்பந்தக்காரரின் கங்காணிகளுக்கும் போய்ச் சேர்ந்தால், மண்டித் தொழிலாளியின் மகன் ராக்கெட் தொழிற்சாலையின் வாயிற்காவலனாக நிற்பான். உள்ளே போகும் வழியை வேறொருவனுக்குத் திறந்துவிடுவான். அதற்காகவா நாமக்கல் மண் பெங்களூருக்குப் போயிற்று?

ஆகவே கேட்கிறோம். அட்வான்ஸ்டு தேர்வுக்குத் தமிழிலும் வினாத்தாள் வேண்டும். பொது நிலமும் பொதுச் சலுகையும் பெறும் விண்வெளி நிறுவனங்கள், வட்டாரப் பிள்ளைகளுக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் இடம் ஒதுக்க வேண்டும். குலசேகரப்பட்டினத்திலே நிலம் கொடுத்த குடும்பத்துக்கும் கடல் கொடுத்த மீனவனுக்கும் வேலையிலே பங்கு வேண்டும். இலக்கு 10,000 வேலை என்றால், அதிலே நம் மாவட்டத்து ஐ.டி.ஐ. பிள்ளைகள் எத்தனைபேர் என்ற கணக்கை ஆண்டுதோறும் ஆட்சி வெளியிட வேண்டும். நமக்கு வேண்டிய ஆட்சியானாலும் கேட்போம். வேண்டாத ஆட்சியானாலும் கேட்போம்.

தோழர்களே!

கேட்பது ஒருபுறம், செய்வது ஒருபுறம். ஒவ்வொரு படிப்பகத்திலும், சுவரொட்டிக்குப் பக்கத்திலே, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், யுவிகா அறிவிப்புகளையும் ஒட்டுங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரியாத வீட்டுக்கு நீங்களே போய் நிரப்பிக் கொடுங்கள். விடுமுறை நாளிலே ஒரு வேன் பிடித்து, முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, தெருப்பிள்ளைகளைக் காவலூருக்கு அழைத்துப் போங்கள். ஒரு பிள்ளை தொலைநோக்கியிலே நிலவின் பள்ளத்தையும் மேட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டால், அவன் மனத்திலே எழும் கேள்விகளை எந்தச் சாத்திரத்தாலும் அடைக்க முடியாது.

அன்றிரவு அந்தத் தேநீர்க் கடையிலே இவ்வளவும் சொல்ல நேரமில்லை. விழுப்புரத்துக் கதையை மட்டும் சொன்னோம். தோழர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "ரயில்ல வேலை பாத்தவரு புள்ளையா?" என்றார். "ஆமாம்" என்றோம். "எம் பையன் இப்போ ஒம்பதாவதுண்ணே. அந்த பரீட்சை, பயிற்சி ஏதோ சொன்னீங்களே, அதை ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க" என்றார்.

எழுதிக் கொடுத்தோம். சட்டைப்பையிலே மடித்து வைத்துக்கொண்டு, துண்டை உதறித் தோளிலே போட்டுக்கொண்டு, மறுபடியும் நடக்கத் தொடங்கினார்.

தோழர்களே, அந்தச் சீட்டை எழுதிக் கொடுக்க ஒவ்வொரு தெருவிலும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான்!